கிளினிக் கொப்பியை விட்டுவிட்டுப் போகாதீர்கள்

என்பு மச்சை மாற்றிய பிள்ளைகளின் சிறுநீரகங்கள் பற்றி, இடம்பெயர்ந்த குடும்பங்களுக்குச் சில செய்திகள்

2016ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. அதே நாளில் புளத்கொஹுபிட்டியவில் களுபஹன தோட்டத்து லயம் ஒன்றும் மண்ணுக்குள் போனது. அடுத்த ஆண்டு மே மாதத்தில் இரத்தினபுரி மாவட்டம் வெள்ளத்திலும் மண்சரிவிலும் அகப்பட்டது. இப்படிப்பட்ட இரவுகளில் லயத்தை விட்டு ஓடி, பாடசாலையிலும் கோவில் மண்டபத்திலும் படுத்தெழும்பியவர்கள் எமது வாசகர்களில் பலர். அதற்கு முன்பே 1977, 1981, 1983 கலவரங்களில் சப்ரகமுவத் தோட்டங்களிலிருந்து வன்னிக்குப் போய், காடு வெட்டி, கிணறு தோண்டிப் பயிர் செய்தவர்களும் இருக்கிறீர்கள். ஓடும்போது எதை எடுப்பது என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், ஈ.பி.எஃப். கடிதம், நகை இருந்தால் நகை.

ஆனால் பெரும்பாலான வீடுகளில் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பை தொங்கும். அதற்குள் கிளினிக் கொப்பியும், மடிந்துபோன இரத்தப் பரிசோதனைத் துண்டுகளும், டயக்னோசிஸ் காட்டும் இருக்கும். அதை எடுக்க யாருக்கும் நினைவு வருவதில்லை. சாதாரண தடிமன் காய்ச்சல்காரருக்கு அதனால் பெரிய நட்டம் இல்லை. என்பு மச்சை மாற்றுச் சிகிச்சை செய்த பிள்ளை இருக்கும் வீட்டில் அப்படியல்ல. அந்தப் பிள்ளைக்கு என்னென்ன மருந்து ஏறியது, கதிர்வீச்சுக் கொடுத்தார்களா இல்லையா, சிறுநீரகம் அப்போது எப்படி இருந்தது என்பதெல்லாம் அந்தப் பையில்தான் இருக்கிறது. பத்து வருடம் கழித்தும் அது தேவைப்படும். ஏன் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

இந்தச் சிகிச்சை யாருக்கு?

எமது நாட்டுப் பிள்ளைகளில் என்பு மச்சை மாற்றுச் சிகிச்சை பற்றி வைத்தியர்கள் பேசுவது பெரும்பாலும் இரண்டு நோய்களுக்காக. ஒன்று இரத்தப் புற்றுநோய். மற்றது தலசீமியா.

தலசீமியா பரம்பரையாக வருவது. தாய் தகப்பன் இருவரும் நோயின் கூறைச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு நோய் வர வாய்ப்பு உண்டு. சுமப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. கொழுந்து எடுப்பார்கள், பால் வெட்டுவார்கள், நன்றாகவே இருப்பார்கள். இலங்கையில் சராசரியாக நூற்றுக்கு இரண்டு பேருக்குச் சற்று அதிகமானோர் இந்த நோயின் பீற்றா வகையைச் சுமக்கிறார்கள் என்று ஆய்வாளர் கண்டிருக்கிறார்கள். மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள்ளேயே கலியாணம் முடிக்கும் எமது வழக்கத்தில் இரண்டு சுமப்பவர்கள் சேரும் வாய்ப்புக் கூடுகிறது. கலியாணத்துக்கு முன் ஓர் இரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும். சாதகப் பொருத்தம் பார்க்கும் செலவில் அதையும் பார்க்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

நோய் வந்த பிள்ளைக்கு மாதந்தோறும் இரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றிய இரத்தத்திலுள்ள இரும்பு உடம்பில் தேங்கும். அதை வெளியேற்ற இரவில் தோலுக்கடியில் ஊசி பூட்டிப் பம்ப் வைப்பார்கள், அல்லது டிஃபெராசிரொக்ஸ் என்னும் மாத்திரை கொடுப்பார்கள். குருணாகலிலுள்ள தேசிய தலசீமியா நிலையமும், ராகமையில் களனிப் பல்கலைக்கழகத்தின் துணையோடு நடக்கும் பிரிவும் இவர்களைப் பார்க்கின்றன. இரத்தம் ஏற்றும் நாள் தகப்பனுக்கும் பேர் விழாத நாள். மாதம் ஒன்று, சில வேளை இரண்டு. இந்தச் சுழற்சியிலிருந்து முற்றாக விடுபட இன்று பரவலாக உள்ள வழி என்பு மச்சை மாற்றுவதே.

உலகில் தலசீமியாவுக்காக இதை முதன்முதல் செய்தது 1981இல். இந்தியாவில் என்பு மச்சை மாற்றம் 1983இல் பம்பாய் டாட்டா நினைவு வைத்தியசாலையில் ஆரம்பித்தது. வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியில் 1986இல் டொக்டர் மாமன் சாண்டியின் தலைமையில் தொடங்கியது. 1900இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய இடம்தான் அந்த வேலூர் ஆஸ்பத்திரி. அங்கே மச்சை மாற்றிக்கொண்ட பிள்ளைகளில் தலசீமியாப் பிள்ளைகள் ஏராளம். இலங்கையிலும் இப்போது இச்சிகிச்சை செய்யப்படுகிறது.

இது கத்தி வைக்கும் சத்திரசிகிச்சை அல்ல. கொடுப்பவருடைய இடுப்பெலும்பிலிருந்து ஊசியால் மச்சையை எடுத்து, இரத்தம் ஏற்றுவதுபோலவே நாளத்தின் வழியே பிள்ளைக்கு ஏற்றுவார்கள். கொடுப்பவர் பெரும்பாலும் கூடப்பிறந்தவர். ஓர் அண்ணனோ தங்கையோ முழுதாகப் பொருந்தும் வாய்ப்பு நாலில் ஒன்று. ஈரல் கெட முன்னர், சிறு வயதில், பொருந்திய சகோதரரின் மச்சை கிடைத்தால் நல்ல நிலையங்களில் பத்துப் பிள்ளைகளில் எட்டு ஒன்பது பேர் குணமாகிறார்கள்.

மச்சைக்குக் கொடுத்த விலை

புது மச்சை உட்காரப் பழைய மச்சையை அழிக்க வேண்டும். பற்றை வெட்டி வேர் பிடுங்கினால்தானே புது நாற்று வைக்கலாம்? அதற்காகப் புசல்ஃபான், சைக்ளோஃபொஸ்ஃபமைட் போன்ற கடும் மருந்துகளைக் கொடுக்கிறார்கள். இரத்தப் புற்றுநோய்ப் பிள்ளைகளுக்குப் பல இடங்களில் உடம்பு முழுவதற்கும் கதிர்வீச்சும் கொடுக்கப்படும். பிறகு சில வாரங்களுக்குப் பிள்ளைக்கு நோய் எதிர்ப்பு என்பதே இராது. காய்ச்சல் வந்தால் ஜென்டாமைசின், அமிக்காசின் போன்ற ஊசிகளும், பூஞ்சணம் பிடித்தால் அம்ஃபொட்டெரிசினும் போட வேண்டி வரும். புது மச்சை பிள்ளையின் உடம்பையே அந்நியமென்று நினைத்துத் தாக்காதிருக்க சைக்ளோஸ்போரின் என்ற மருந்தை மாதக்கணக்கில் கொடுப்பார்கள்.

இவையெல்லாம் உயிர் காத்த மருந்துகள். இவற்றில் பல சிறுநீரகத்தைத் தொடாமல் போவதுமில்லை. சைக்ளோஸ்போரின் சிறுநீரகத்துக்குப் போகும் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்கி இரத்த அழுத்தத்தையும் உயர்த்துகிறது. மேலே சொன்ன ஊசிகள் சிறுநீரகத்தின் வடிகுழாய்களை அரிக்கின்றன. கதிர்வீச்சின் காயம் உடனே தெரிவதில்லை; பல மாதங்கள், ஒரு வருடம் கழித்து அழுத்தமாகவும் சோகையாகவும் சிறுநீரில் புரதமாகவும் மேலே வரும். தலசீமியாப் பிள்ளையின் சிறுநீரகமோ இரும்பாலும் நெடுநாள் சோகையாலும் ஏற்கனவே களைத்தது. இரும்பு போக்கும் டிஃபெராசிரொக்ஸ் மாத்திரையும் அதற்குப் பாரம்தான். அதனாலேயே அது குடிக்கும் பிள்ளைகளுக்கு மாதா மாதம் இரத்தப் பரிசோதனை.

மச்சை மாற்றியவர்களில், பெரியவர்களையும் சேர்த்து, பத்துப் பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ பிற்காலத்தில் நாட்பட்ட சிறுநீரக நோய் வருவதாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. தலசீமியாவுக்குப் பெரும்பாலும் கதிர்வீச்சுக் கொடுப்பதில்லை. ஆகவே அவர்களுக்கு ஆபத்துக் குறைவு. குறைவு என்றுதான் சொல்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை.

ஒரு விசித்திரம். 1990ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு இரண்டு பேருக்குப் பகிர்ந்து கொடுக்கப்பட்டது. ஒருவர் என்பு மச்சை மாற்றத்தை உலகுக்குத் தந்த டொனால் தோமஸ். மற்றவர் 1954இல் முதன்முதல் வெற்றிகரமாகச் சிறுநீரகம் மாற்றிய ஜோசப் மரே. ஒரே மேடையில் நின்ற இந்த இரண்டு சிகிச்சைகளும் ஒரே பிள்ளைக்குத் தேவைப்படாமல் பார்த்துக்கொள்வதே இப்போது எங்கள் கவலை.

சிறுநீரகம் அழாது

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழப் பத்து இலட்சம் நுண்ணிய வடிகள் உள்ளன. பட்டுப்போன வடி மீண்டும் முளைக்காது. மிஞ்சியவை அதன் வேலையையும் சேர்த்துச் செய்யும். பத்துப் பேர் எடுக்கும் மலையில் ஐந்து பேர் நின்று அதே கொழுந்தை நிறுத்துக் கொடுப்பதுபோல. கணக்குப்பிள்ளைக்கு நிறை குறைந்ததாகத் தெரியாது. ஆனால் அந்த ஐந்து பேரும் எத்தனை நாளைக்குத் தாங்குவார்கள்? சிறுநீரகம் பாதி போகும்வரை வலி இல்லை, வீக்கம் இல்லை, பிள்ளை ஓடி விளையாடும். பசி குறைந்து, காலையில் கண் இமை ஊதி, சிறுநீர் நுரைத்து வரும்போது காலம் கடந்திருக்கும்.

எங்கள் மக்களில் பலருக்குச் சிறுநீரக நோய் என்றதும் மதவாச்சி, பதவியாப் பக்கத்து விவசாயிகளுக்கு வரும் நோய்தான் நினைவுக்கு வரும். வவுனியாவில் குடியேறியவர்கள் அதை அருகிலிருந்தே பார்த்திருப்பீர்கள். அது வேறு, அதன் காரணம் பற்றி இன்னும் வாதம் நடக்கிறது. மச்சை மாற்றிய பிள்ளைக்கு வருவதன் காரணங்கள் பெரும்பாலும் தெரிந்தவை. எப்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதும் தெரியும். சர்வதேச வழிகாட்டிகள் சொல்வது இது: ஒவ்வொரு கிளினிக்கிலும் இரத்த அழுத்தம், சிகிச்சை முடிந்து ஆறாம் மாதத்திலும், ஒரு வருடத்திலும், பின் வருடா வருடமும் சிறுநீரகப் பரிசோதனை, சிறுநீரில் புரதம் வருகிறதா என்ற சோதனை. வாழ்நாள் முழுக்க. பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. மூன்றையும் மாவட்டத்துப் பெரியாஸ்பத்திரியிலேயே செய்யலாம்.

அப்படியானால் எங்கே தவறுகிறது? இரண்டு இடத்தில்.

உயரம் எழுதாத துண்டு

சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கக் கிரியற்றினின் என்ற கழிவை இரத்தத்தில் அளக்கிறார்கள். அது தசையிலிருந்து வருவது. தசை அதிகமானால் கிரியற்றினினும் அதிகம். பல ஆய்வுகூடத் துண்டுகளில் பக்கத்தில் அச்சடித்திருக்கும் 'சாதாரண அளவு' வளர்ந்த ஆளுக்குரியது; ஏறத்தாழ 0.6 முதல் 1.2 வரை என்று போட்டிருக்கும். அதை வைத்துக்கொண்டு ஒரு சிறு பிள்ளையை அளந்தால் என்ன ஆகும்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். தெரணியகலப் பக்கம் தோட்டமொன்றில் எட்டு வயதுப் பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். உயரம் 110 சென்ரிமீற்றர். வயதுக்குக் குள்ளம்தான், தலசீமியாப் பிள்ளைகள் அப்படித்தான். போதாததற்கு 2016ஆம் ஆண்டு தேசிய ஆய்வின்படி தோட்டத்துறையில் ஐந்து வயதுக்குட்பட்ட நூறு பிள்ளைகளில் 32 பேர் வரை வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். முழு நாட்டுக்கும் அந்தக் கணக்கு 17. சரி, இந்தப் பிள்ளையின் கிரியற்றினின் 0.5 என்று வருகிறது. சிறுவர் வைத்தியர்கள் பயன்படுத்தும் சூத்திரம் எளிது: 0.413ஐ உயரத்தால் பெருக்கி, கிரியற்றினினால் வகுக்க வேண்டும். விடை ஏறத்தாழ 91. தொண்ணூறுக்கு மேல் என்றால் நல்லது.

இரண்டு வருடம் கழித்து அதே உயரத்தில் 0.9 என்று வந்தால்? விடை ஏறத்தாழ 50. வடிகட்டும் திறன் பாதிக்கு வந்துவிட்டது. ஆனால் துண்டில் அச்சடித்த அளவுக்குள்தான் 0.9 இருக்கிறது. நெருக்கடியான கிளினிக்கில் அதைப் பார்க்கும் ஒருவர் 'நோமல்' என்று எழுதி அடுத்த ஆளைக் கூப்பிட்டால் அவரைக் குறை சொல்வது கடினம். உயரமும் பழைய துண்டும் அவர் கையில் இல்லை. பழைய துண்டு இருந்திருந்தால் 0.5 எப்படி 0.9 ஆனது என்று யாரும் கேட்டிருப்பார்கள். சில ஆய்வுகூடங்கள் வேறு அலகில், நாற்பது எண்பது என்று எழுதும், 0.9 என்பது அதில் 80. துண்டைப் பார்த்து வீட்டிலே நீங்களே முடிவு எடுக்க அல்ல இதைச் சொன்னது. பிள்ளையின் உயரத்தை அன்றைக்கே அளந்து கொப்பியில் எழுதிக் கொடுக்கும்படி கேட்பதற்காகச் சொன்னது. மிகவும் மெலிந்த பிள்ளைக்கு இந்தச் சூத்திரமும் சற்று ஏமாற்றும் என்பதால், வைத்தியர் வேறு பரிசோதனையும் எழுதக்கூடும்.

பிரசரும் இப்படித்தான். 120க்கு 80 என்றால் எமக்கு நிம்மதி. ஆறு வயதுப் பிள்ளைக்கு அது உயர்ந்த அழுத்தம். வளர்ந்த ஆளின் பெரிய பட்டியைச் சின்னக் கையில் சுற்றினால் உண்மையைவிடக் குறைவாகவும் காட்டும். தோட்ட டிஸ்பென்சரியில் சிறு பட்டி இல்லையென்றால் பெரியாஸ்பத்திரியின் சிறுவர் பிரிவில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். "என் பிள்ளைக்கு மச்சை மாற்றியது, சின்னப் பட்டியில பாருங்க ஐயா" என்று சொல்வதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

அழுத்தம் உயர்ந்தோ புரதம் கசிந்தோ இருந்தால் எனலப்ரில், லொசார்ட்டன் வகை மாத்திரைகள் கொடுப்பார்கள். பிரசர் மாத்திரை என்று பெயர் இருந்தாலும் மிஞ்சிய வடிகளைக் காப்பாற்றும் வேலையும் அவற்றுக்கு உண்டு. ஆகவே 'பிரசர் இறங்கிவிட்டது' என்று வீட்டில் நிறுத்தக் கூடாது. வாந்தி வயிற்றோட்டம் வந்து பிள்ளை வாடினால் மட்டும் உடனே வைத்தியரிடம் போய், மாத்திரையைத் தொடர்வதா என்று கேட்க வேண்டும். பெண்பிள்ளை வளர்ந்து கலியாணமாகிப் போனால், கர்ப்ப காலத்தில் இந்த மாத்திரைகள் ஆகாது என்பதையும் அவளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இன்னுமொன்று. மச்சை மாற்றிய தலசீமியாப் பிள்ளை ஓரிரு வருடத்தில் மறுபடி வெளிறினால் வீட்டில் எல்லோரும் நினைப்பது, புது மச்சை தோற்றுவிட்டது என்று. அப்படியும் இருக்கலாம். ஆனால் இரத்தம் உற்பத்தி செய்யும்படி மச்சைக்குச் சொல்லும் சுரப்பு சிறுநீரகத்திலிருந்துதான் வருகிறது. சிறுநீரகம் கெட்டாலும் பிள்ளை வெளிறும். வேறு சிலருக்கு, தேங்கிய இரும்பைப் போக்க இரண்டு வாரத்துக்கொரு முறை இரத்தத்தை வெளியே எடுப்பார்கள். அத்தனை வருடம் இரத்தம் ஏற்றிய பிள்ளையிடமிருந்து இரத்தம் எடுப்பதைப் பார்த்துப் பயந்துபோய்க் கிளினிக்கை விட்டவர்களும் இருக்கலாம். அது சிகிச்சையின் ஒரு பகுதிதான். மாத்திரை இல்லாமலே இரும்பு குறைவதால் சிறுநீரகத்துக்கும் அது நல்லது.

வீட்டில், தோட்டத்தில், வயலில்

மேல்வலிக்கும் காய்ச்சலுக்கும் கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரூஃபன் போன்ற வலிமாத்திரைகள் இந்தப் பிள்ளைகளுக்கு ஆகாது. டெங்குக் காலத்தில் யாருக்குமே ஆகாது. நிறைக்கு ஏற்ற அளவில் பரசிற்றமோல் போதும். காய்ச்சல் என்றால் அடுத்த நாள் வரை காத்திருக்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

நாட்டு மருந்தை நான் இகழ்பவன் அல்ல. ஆயினும் ஈஸ்வரமூலி, சிங்களத்தில் சப்சந்த என்பார்கள், அதில் உள்ள ஓர் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுப்பது உறுதியாகத் தெரிந்த விடயம். பாஸ்பம் சேர்ந்த மருந்துகளும் வேண்டாம். எங்கள் பக்கத்து வீட்டுத் தோட்டங்களில் காய்க்கும் காமரங்காயும் பிலிங்காயும் இன்னொன்று. இரண்டிலும் ஒக்சலேற்று மிக அதிகம். சாறாகப் பிழிந்து வெறும் வயிற்றில் குடித்து, நல்ல சிறுநீரகமே செயலிழந்த சம்பவங்கள் இலங்கை வைத்தியர்களால் பதிவுசெய்யப்பட்டிருக்கின்றன. கொலஸ்ரோலுக்கு, சீனிக்கு என்று யாராவது சொன்னதைக் கேட்டுக் குடித்தவர்கள் அவர்கள். களைத்த சிறுநீரகமுள்ள பிள்ளைக்கு ஒரு துண்டும் கொடுக்க வேண்டாம். சைக்ளோஸ்போரின் குடிக்கும் காலத்தில் ஜம்போலாவையும் தவிர்க்க வேண்டும். அது மருந்தின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும்.

எலிக்காய்ச்சல் இரத்தினபுரி, கேகாலைக்குப் புதிதல்ல. 2008இல் நாடு முழுவதும் 7,000க்கு மேற்பட்டோருக்கு வந்தது. வயல் சேறு, மாணிக்கக் குழித் தண்ணீர், வெள்ளம் வடிந்த வாய்க்கால் எல்லாவற்றிலும் கிருமி இருக்கும். அது நேரே சிறுநீரகத்தைத் தாக்கும். மச்சை மாற்றிய பிள்ளையை வெள்ளத்தின் பின் வீடு கழுவ அனுப்ப வேண்டாம். சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் கொடுக்கும் தடுப்பு மாத்திரையை இந்தப் பிள்ளைக்குக் கொடுப்பதானால் முதலில் கிளினிக் வைத்தியரைக் கேளுங்கள். குழந்தைப் பருவத்தில் போட்ட தடுப்பூசிகளும் பழைய மச்சையோடு போய்விடும். திரும்பப் போட வேண்டும். எதை எப்போது என்பதைக் கிளினிக்கில் குறித்துத் தருவார்கள்.

தண்ணீரைப் பொறுத்தவரை, பீலித் தண்ணீரானாலும் கிணற்றுத் தண்ணீரானாலும் கொதிக்கவைத்து ஆற்றிக் கொடுங்கள். வன்னியில் இருப்பவர்கள் வடிகட்டும் நிலையத்துத் தண்ணீர் கிடைத்தால் அதையே இந்தப் பிள்ளைக்கு வையுங்கள். வெயிலில் விளையாடும் பிள்ளை போதிய தண்ணீர் குடிக்கிறதா என்று தாய் பார்க்க வேண்டும்.

கொப்பிக்கு வருவோம்

தவறும் இரண்டாவது இடம், இடம்மாறுவது. மச்சை மாற்றியது ஓர் ஊரில், பின்கவனிப்பு இன்னோர் ஊரில், குடும்பம் இப்போது மூன்றாவது ஊரில். தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பியவர்களிடம் அங்கத்தைய கடதாசி. இங்கே புதுக் கொப்பி. கொப்பியில் எழுதியிருப்பது ஆங்கிலம், வாயால் சொல்வது பெரும்பாலும் சிங்களம், கேட்டுக்கொண்டு நிற்பது தமிழ். தாய் நினைவில் வைத்திருப்பது 'பெரிய ஊசி போட்டார்கள்' என்பது மட்டும். புதிய வைத்தியர் அதை வைத்து என்ன செய்வார்? பிள்ளை நன்றாக இருக்கிறது என்று பார்த்து, தேவைப்பட்டால் வாருங்கள் என்பார். தேவை வெளியே தெரியாத நோய் இது என்பதைத்தான் மேலே பார்த்தோம்.

ஆகவே கொப்பியின் முதற் பக்கத்தில் இவற்றை எழுதுவித்துக்கொள்ளுங்கள்: நோயின் பெயர், மச்சை மாற்றிய திகதியும் வைத்தியசாலையும் அங்கு கொடுத்த இலக்கமும், கொடுத்தவர் யார், கதிர்வீச்சு உண்டா இல்லையா, என்ன மருந்துகளால் பழைய மச்சையை அழித்தார்கள், சைக்ளோஸ்போரின் எந்த மாதம் நிறுத்தினார்கள், வீட்டுக்கு விடும்போது உயரம், நிறை, பிரசர், கிரியற்றினின். அரைப் பக்கம் போதும். வீட்டுக்கு விடும் நாளில் கேட்டால் வாட்டிலுள்ள வைத்தியரோ தாதியோ எழுதித் தருவார்கள். பல வருடம் கழித்துக் கேட்டால் பழைய கோப்பு எங்கே என்று தேட வேண்டி வரும். ஏற்கனவே தொலைத்தவர்கள் மனம் விட வேண்டாம். இலக்கமும் திகதியும் நினைவிருந்தால், சிகிச்சை செய்த வைத்தியசாலைக்கு எழுதிச் சுருக்கம் பெற முயலலாம். கோவில் காரியாலயத்திலோ தோட்டப் பாடசாலையிலோ ஆங்கிலம் தெரிந்த ஒருவர் கடிதம் எழுத உதவுவார்.

கிளினிக்கில் சிறுநீரகப் பிரச்சினை என்று சொல்லிவிட்டால், சிறுவர் சிறுநீரக வைத்தியர்கள் கொழும்பு லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையிலும் பேராதனை சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலையிலும் இருக்கிறார்கள். கேகாலைக்காரருக்குப் பேராதனை கிட்ட. இரத்தினபுரிக்காரர் அவிசாவளை வழியாகக் கொழும்பு போகலாம். அரசாங்க வைத்தியசாலைக் கிளினிக்குக்குக் கட்டணம் இல்லை, ஆனால் பஸ் காசும் ஒரு நாட் சம்பளமும் போகும். அதைக் கணக்கிட்டு, வருடத்துக்கு ஒரு நாள் என்று முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள். பிள்ளையின் பிறந்த மாதத்தை அதற்கென்று வைத்துக்கொண்டால் மறக்காது. சிகிச்சைச் செலவுக்கு ஜனாதிபதி நிதியத்திடம் விண்ணப்பிக்கலாம். பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

பிள்ளை பதினாறு பதினேழு வயதானால் கொப்பியை அதன் கையிலே கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். கொழும்பில் கடை வேலைக்கோ ஆடைத் தொழிற்சாலைக்கோ போகிற வயது அது. தாய் தகப்பன் கூடப் போக மாட்டார்கள். தனக்கு என்ன நடந்தது என்று தன் வாயால் ஒரு புதிய வைத்தியருக்குச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

மழைக்கு முன்பே பையை ஆணியிலிருந்து எடுத்து, கொப்பியையும் துண்டுகளையும் இரண்டு பொலித்தீன் பைக்குள் போட்டுக் கட்டி, அடையாள அட்டை வைக்கும் இடத்திலேயே வையுங்கள். போன் உள்ள வீடானால் ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்து, வேறு ஊரில் இருக்கும் அக்காவுக்கோ மாமாவுக்கோ அனுப்பி, அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். ஒரே மலையில் இருக்கும் இரண்டு வீடுகளுக்கு அனுப்பி வைத்துப் பயனில்லை.